எட்டு வாரமும் ஒரு மொழியும்: மிடில்பரி ரஷ்யப் பள்ளியின் வரலாறும் சப்ரகமுவவின் மொழிச் சூழலும்

ஐக்கிய அமெரிக்காவின் வடகிழக்கில், கனடிய எல்லையை ஒட்டிக் கிடக்கும் வெர்மொன்ட் என்ற சிறு மாநிலத்தில், 1800ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட மிடில்பரிக் கல்லூரியில், 1945 முதல் கோடைதோறும் ரஷ்ய மொழிப் பள்ளி ஒன்று நடந்து வருகிறது. ஆண்டு முழுதும் மழையையும் வெயிலையும் மாறி மாறிக் காணும் இலங்கையில் 'கோடைப் பள்ளி' என்ற சொல்லுக்குச் சிறிது விளக்கம் வேண்டும். அமெரிக்கக் கல்லூரிகளில் கல்வியாண்டு மே மாத அளவில் முடிந்து செப்டெம்பரில் மீண்டும் தொடங்கும். இடைப்பட்ட மாதங்களில் விடுதிகளும் உணவுச்சாலைகளும் வகுப்பறைகளும் ஆளற்றுக் கிடக்கும். அந்த இடைவெளியைப் பயன்படுத்தி, பிற கல்லூரி மாணவருக்கும் ஆசிரியருக்கும் வேறு தொழில் பார்ப்போருக்கும் ஒரு பாடத்தைக் குறுகிய காலத்தில் செறிவாகக் கற்பிக்கும் ஏற்பாடே கோடைப் பள்ளியாகும். இப்படியொரு பள்ளியின் வரலாறு தூரதேசத்துக் கல்லூரி ஒன்றின் உள்விவகாரம் போலத் தோன்றினாலும், பக்கத்தில் வாழ்வதால் மட்டும் ஒரு மொழி வந்துவிடுமா என்ற கேள்விக்கு அது தரும் விடை, தமிழரும் சிங்களவரும் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அருகருகே வாழ்ந்துவரும், இலங்கையின் சப்ரகமுவ மாகாணத்துப் பெல்மதுளை போன்ற ஊர்களுக்கு நேரடியாகப் பொருந்துவதாகும்.

மிடில்பரியில் இந்த முறையைத் தொடங்கியவர் லிலியன் ஸ்ட்ரோபே என்ற ஜெர்மானியப் பெண்மணி. நியூயோர்க் மாநிலத்தில் அக்காலத்தில் பெண்களுக்கென்றே இயங்கிய வாசர் கல்லூரியில் ஜெர்மன் கற்பித்துவந்த அவர், 1915 கோடையில் மிடில்பரியில் ஜெர்மன் பள்ளியைத் திறந்தார். அமெரிக்கப் பாடசாலைகளில் பிறமொழி கற்பித்த ஆசிரியர்களில் பெரும்பாலோர் அம்மொழியை நூலில் படித்து விளங்கிக்கொள்வார்களேயன்றி, பேசத் துணியாதவர்களாக இருந்தனர். ஐரோப்பாவுக்குப் போய்ப் பழகிவரலாம் என்றால் முதலாம் உலக யுத்தம் கடல்வழியை அடைத்துவிட்டது. போக முடியாத நாட்டை ஒரு கல்லூரி வளாகத்துக்குள் கட்டி எழுப்ப முடியுமா என்பதே ஸ்ட்ரோபேயின் சிந்தனை. மாணவரும் ஆசிரியரும் ஒரே விடுதியில் தங்கி, ஒரே மேசையில் உண்டு, பாட்டும் நாடகமும் உலாவலும் உட்பட விழித்திருக்கும் நேரம் முழுவதையும் கற்கும் மொழியிலேயே கழிக்கவேண்டும். ஆங்கிலம் பேசும் சூழலிலிருந்து அவர்களைப் பிரித்து வைக்கவேண்டும் என்பது அவர் வகுத்த கொள்கை. மறு ஆண்டு பிரெஞ்சுப் பள்ளியும் 1917இல் ஸ்பானியப் பள்ளியும் இதே அடிப்படையில் தோன்றின. ஆனால் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியபின் எழுந்த ஜெர்மானிய எதிர்ப்பலையில், முறையைப் பிறப்பித்த ஜெர்மன் பள்ளியே மூடப்பட்டு, 1931இல்தான் அண்மையிலுள்ள பிரிஸ்டல் என்ற கிராமத்தில் மீண்டும் உயிர்பெற்றது. அரசியல் ஒரு மொழிப் பள்ளியைத் திறக்கவும் கூடும், மூடவும் கூடும் என்பதை மிடில்பரி தன் முதல் சில ஆண்டுகளுக்குள்ளேயே கண்டுகொண்டது.

ரஷ்யப் பள்ளியைத் திறந்தது இன்னொரு யுத்தம். இரண்டாம் உலக யுத்தத்துக்கு முன் ரஷ்ய மொழியை முறையாகக் கற்பித்த அமெரிக்கக் கல்லூரிகள் மிகச் சில. 1941இல் சோவியத் ஒன்றியம் நேசநாடுகளின் பக்கம் வந்ததும், ரஷ்யம் அறிந்தவர்கள் படைத்துறைக்கும் தூதரகங்களுக்கும் மொழிபெயர்ப்புப் பணிமனைகளுக்கும் அவசரமாகத் தேவைப்பட்டனர். அமெரிக்க இராணுவம் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து நடத்திய செறிவுப் பயிற்சிகளில், இலக்கணத்தை மனனம் செய்து வாக்கியங்களை ஆங்கிலத்துக்கு மாற்றும் பழைய முறையை ஒதுக்கிவிட்டு, தாய்மொழியாளர் ஒருவரைச் சிறு குழுவின் நடுவே அமர்த்தி நாள் முழுதும் பேசவைக்கும் முறை கையாளப்பட்டது. யுத்தம் முடிந்த 1945இல் மிடில்பரியில் ரஷ்யப் பள்ளி தொடங்கப்பட்டபோது, ஸ்ட்ரோபேயின் முப்பதாண்டு மரபும் இராணுவப் பயிற்சி தந்த துணிவும் அதில் ஒன்றாகக் கலந்தன. ரஷ்யப் பாடநூல்களின் ஆசிரியராகவும் அறியப்பட்ட மிஷா ஃபேயர் அதன் முதல் இயக்குநரானார்.

பள்ளியின் உயிர்நாடி, மாணவர் ஒவ்வொருவரும் கையெழுத்திடும் மொழி உறுதிமொழி. பயிற்சி நடக்கும் வாரங்களில் பேசுவது, கேட்பது, படிப்பது, எழுதுவது ஆகிய நான்கையும் கற்கும் மொழியிலேயே செய்வதாக மாணவர் தாமே வாக்களிக்கிறார். இளங்கலை நிலையில் இது எட்டு வாரம்; முதுகலை நிலையில் ஆறு வாரம் வீதம் பல கோடைகளில் வந்து பட்டத்தை முடிக்கலாம். எட்டு வாரம் கல்லூரியின் ஓராண்டுப் பாடத்துக்கு நிகராகக் கணிக்கப்படுகிறது. உறுதிமொழியின் கடுமை வகுப்பறையில் தெரிவதில்லை. வகுப்பறையில் எல்லோரும் பாடத்தைத்தான் பேசுகிறார்கள். உணவு மேசையில் உப்பைக் கேட்பதற்கும், தலைவலி என்று சொல்வதற்கும், அறைத் தோழரோடு ஏற்பட்ட பிணக்கைத் தீர்ப்பதற்கும் வார்த்தை தேடித் தடுமாறும்போதே அது சுடுகிறது. தம் தொழிலில் தேர்ந்தவர், ஊரில் மதிக்கப்படுபவர், நான்கு வயதுக் குழந்தையின் சொற்களஞ்சியத்தோடு வாரக்கணக்கில் வாழவேண்டியிருக்கிறது. வயதுவந்தவர்கள் பிறமொழி கற்கத் தயங்குவதற்கு நினைவாற்றல் குறைவைக் காரணமாகச் சொல்வது வழக்கம். பிறர்முன் சிறுமைப்பட நேருமோ என்ற கூச்சமே அதைவிடப் பெரிய தடை என்று கருத இடமுண்டு. அந்தக் கூச்சத்தை எல்லோருக்கும் சமமாகப் பங்கிட்டு, ஒருவரை ஒருவர் நகைக்க முடியாதபடி செய்வதே உறுதிமொழியின் நுட்பம். எல்லோரும் ஒரே நேரத்தில் குழந்தையாகிவிடும் இடத்தில் குழந்தையாக இருப்பது வெட்கமல்ல.

இந்த வளாகத்துக்குள் ரஷ்யாவைக் கட்டி எழுப்பியவர்கள் யார் என்று பார்த்தால், அமெரிக்காவில் ரஷ்ய மொழிக் கல்வியின் வரலாறு புலம்பெயர்ந்தோரின் வரலாறாகவும் இருப்பது தெரியும். 1917 புரட்சிக்குப் பின் நாட்டை விட்டு வெளியேறியோர் முதல் அலை. இரண்டாம் உலக யுத்தத்தில் இடம்பெயர்ந்து திரும்பிப் போகாதோர் இரண்டாம் அலை. 1970களில் சோவியத் அரசு ஓரளவு அனுமதித்தபோது வெளியேறியோர், அவர்களில் பெரும்பாலோர் யூதர், மூன்றாம் அலை. நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் அலெக்சாண்டர் சோல்செனிட்சின் 1976 முதல் 1994 வரை வாழ்ந்ததும் இதே வெர்மொன்ட் மாநிலத்தின் கெவென்டிஷ் என்ற சிற்றூரில்தான். இந்த மூன்று அலைகளும் கொண்டுவந்த ரஷ்யம் ஒன்றல்ல. 1918இன் எழுத்துச் சீர்திருத்தம் பழைய எழுத்துகள் சிலவற்றை நீக்கியது. முதல் அலையினர் பலர் அந்தச் சீர்திருத்தத்தை ஏற்காமல் நெடுங்காலம் பழைய எழுத்திலேயே நூல் அச்சிட்டனர். சோவியத் ஆட்சியில் பிறந்த சுருக்கச் சொற்களும் அலுவலகச் சொற்களும் அவர்கள் காதுக்கு அந்நியமாக ஒலித்தன. ஒரே மொழி கடல் கடந்து வேறு வேறு காலத்தில் உறைந்து நிற்பது மலையகத் தமிழருக்குப் புதிய செய்தியன்று. தமிழகத்தில் வழக்கொழிந்த சொற்கள் தோட்டத்து லயன்களில் இன்றும் உயிரோடிருப்பதும், சிங்களச் சொற்கள் அவற்றோடு கலந்து தனி வழக்காக வளர்ந்திருப்பதும் அதே இயல்பின் இன்னொரு வடிவம்.

ரஷ்யம் எத்தகைய மொழி என்பதைத் தமிழ்க் காதோடு வைத்துப் பார்ப்பது, எட்டு வாரத்தில் என்ன நடக்கிறது என்பதை விளங்கிக்கொள்ள உதவும். ஆங்கிலம் பேசுவோரை மிரட்டும் பல கூறுகள் தமிழருக்கு அவ்வளவு அந்நியமல்ல. பெயர்ச்சொல் வேற்றுமைக்கேற்ப ஈறு மாறுவது தமிழர் அறிந்தது; ரஷ்யத்துக்கு ஆறு வேற்றுமைகள், தமிழிலக்கணம் எண்ணுவது எட்டு. 'அவர் ஆசிரியர்' என்பதில் வினைச்சொல் இல்லாதது போலவே ரஷ்யத்திலும் நிகழ்காலத்தில் அவ்விடம் வெறுமையாகவே நிற்கும். நீ, நீங்கள் என்ற வேறுபாடு அங்கும் உண்டு. மரியாதையாக அழைக்கும்போது ஒருவரின் பெயரோடு தந்தை பெயரிலிருந்து ஆக்கிய சொல்லையும் சேர்த்துச் சொல்வது வழக்கம்; பெயருக்கு முன்னே தந்தையின் முதலெழுத்தை வைக்கும் தமிழர் இதை எளிதில் பற்றிக்கொள்வர். இடறும் இடங்கள் வேறு. தமிழில் ஆண்பால், பெண்பால் என்பது உயர்திணைக்கு உரிய பகுப்பு. ரஷ்யத்தில் மேசையைக் குறிக்கும் 'ஸ்தோல்' ஆண்பால், புத்தகத்தைக் குறிக்கும் 'க்னீகா' பெண்பால், ஜன்னலைக் குறிக்கும் 'அக்னோ' இரண்டுமல்லாத மூன்றாம் பால். 'போனான்' என்ற ஒரே சொல்லால் தமிழர் முடிப்பதை, நடந்தா வாகனத்திலா, ஒருதடவையா வழக்கமாகவா என்று பிரித்துத் தனித்தனி வினைகளால் சொல்லவேண்டும். படித்துக்கொண்டிருந்ததற்கும் படித்து முடித்ததற்கும் இடையேயுள்ள வேறுபாடு ஏறக்குறைய எல்லா வினையிலும் இணைச்சொற்களாகவே அமைந்திருக்கும். சொல்லில் அழுத்தம் விழும் இடம் மாறினால் பொருளும் மாறும்: 'ஸாமக்' என்றால் கோட்டை, 'ஸமோக்' என்றால் பூட்டு.

அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவகம், ஆங்கிலம் பேசுவோர் தொழில்முறைத் தேர்ச்சி பெற எவ்வளவு காலம் வேண்டும் என்று மொழிகளை வகைப்படுத்தி வைத்திருக்கிறது. பிரெஞ்சுக்கும் ஸ்பானியத்துக்கும் சுமார் 30 வாரம் போதும். ரஷ்யத்துக்கு 44 வாரம், அதாவது ஏறக்குறைய 1,100 வகுப்பு மணி நேரம். அதே 44 வார வரிசையில்தான் தமிழும் சிங்களமும் வைக்கப்பட்டுள்ளன. எனவே எட்டு வாரக் கோடைப் பள்ளி ஒருவரை ரஷ்யப் புலமையாளராக்கிவிடும் என்று எவரும் சொல்வதில்லை. மொழி பேசவே மாட்டேன் என்று இறுகிப்போன நாவை அது இளக்கிவிடுகிறது. மீதி வழியை மாணவர் தாமே நடக்கலாம்.

1957 ஒக்டோபர் 4ஆம் திகதி சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக் செயற்கைக்கோளை விண்ணில் ஏற்றியது. அறிவியலில் பின்தங்கிவிட்டோமோ என்ற அச்சத்தில் அமெரிக்கா 1958 செப்டெம்பர் 2ஆம் திகதி தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டத்தை நிறைவேற்றியது. கணிதத்துக்கும் அறிவியலுக்கும் ஒதுக்கிய பணத்தோடு, சட்டத்தின் ஆறாம் பிரிவு பிறமொழிக் கல்விக்கும் நிதி வழங்கியது. ரஷ்யம் கற்கும் மாணவரின் தொகை பெருகியது. கோடைப் பயிற்சிகள் பல பல்கலைக்கழகங்களுக்குப் பரவின. வெர்மொன்ட்டிலேயே நார்விச் பல்கலைக்கழகத்திலும் ஒரு ரஷ்யக் கோடைப் பள்ளி பல்லாண்டு நடந்தது. தமிழ் வாசகர் அதிகம் அறியாத செய்தி ஒன்று இங்கே உண்டு. ரஷ்யத்தை வளர்த்த அதே ஆறாம் பிரிவுதான் தெற்காசிய மொழிகளுக்கும் பணம் தந்து, சிகாகோ முதலான பல்கலைக்கழகங்களில் தமிழ் கற்பிக்க வழிசெய்தது. 1960களின் தொடக்கத்தில் சிகாகோ சென்று, 1967இல் குறுந்தொகைப் பாடல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டுச் சங்க இலக்கியத்தை உலக வாசகர்முன் வைத்த ஏ. கே. ராமானுஜனின் பணி, இத்தகைய நிறுவனச் சூழலில் மலர்ந்தது. மொஸ்கோவின் மீதிருந்த அச்சம், மறைமுகமாகக் குறுந்தொகைக்கும் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தது.

பிரித்தானியா இதே காலத்தில் வேறொரு வழியைக் கையாண்டது. 1951 முதல் 1960 வரை நடந்த முப்படைகளின் கூட்டு மொழிப் பள்ளியில், கட்டாயப் படைச்சேவைக்கு அழைக்கப்பட்ட இளைஞர் சுமார் 5,000 பேர் ரஷ்யம் கற்றனர். பின்னாளில் நாடகாசிரியர்களாகப் புகழ்பெற்ற அலன் பென்னெட்டும் மைக்கேல் ஃபிரேனும் அவர்களில் இருவர். பரீட்சையில் தவறியவர் பழையபடி படைப்பிரிவுக்கே திருப்பி அனுப்பப்பட்டார் என்பதால் அங்கே ஊக்கத்துக்குக் குறைவில்லை.

இலங்கையர் ரஷ்யம் கற்றது இவ்விரண்டினும் வேறான வகையில். 1957இல் இலங்கைக்கும் சோவியத் ஒன்றியத்துக்கும் தூதரக உறவு ஏற்பட்டது. ஒருவல உருக்காலையும் களனி டயர்த் தொழிற்சாலையும் சோவியத் உதவியோடு எழுந்தன. 1960இல் மொஸ்கோவில் தொடங்கப்பட்டு மறு ஆண்டு பத்ரிஸ் லுமும்பாவின் பெயர் சூட்டப்பட்ட மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்துக்கு, ஆசிய ஆபிரிக்க இலத்தீன் அமெரிக்க நாடுகளின் மாணவர் புலமைப்பரிசிலில் சென்றனர். பின்னர் மக்கள் விடுதலை முன்னணியை நிறுவிய ரோஹண விஜேவீர அப்பல்கலைக்கழகத்துக்கு மருத்துவம் கற்கச் சென்றதும் 1960இல்தான். மருத்துவமோ பொறியியலோ தொடங்குமுன், மாணவர் ஆயத்தப் பீடம் எனப்பட்ட பிரிவில் ஓராண்டு ரஷ்யம் கற்கவேண்டும். அந்த ஆண்டின் இறுதியில் உடற்கூற்றியல் விரிவுரையை ரஷ்யத்தில் கேட்டுக் குறிப்பெடுக்கக்கூடிய நிலையை அவர்கள் எட்டியாகவேண்டும். மிடில்பரி மாணவர் விரும்பி ஏற்ற உறுதிமொழியை, ஆயத்தப் பீடத்து மாணவருக்குப் பனியும் கடையும் பரீட்சையும் விதித்தன. எனினும் இரண்டிலும் ஒரு பொதுமை உண்டு: கற்பிக்கும் ஆசிரியர், வரிசைப்படுத்திய பாடம், முடிவு தெரிந்த கால எல்லை ஆகிய மூன்றும் இரு இடத்திலும் இருந்தன.

இம்மூன்றின் முக்கியத்துவம் பிற்கால ஆய்வுகளில் தெளிவானது. 1984க்கும் 1990க்கும் இடையில் சோவியத் ஒன்றியம் சென்று ரஷ்யம் பயின்ற 658 அமெரிக்க மாணவரை ரிச்சர்ட் பிரெக்ட், டான் டேவிட்சன், ரால்ஃப் கின்ஸ்பர்க் ஆகியோர் ஆராய்ந்தபோது, புறப்படுமுன் இலக்கணத்திலும் வாசிப்பிலும் உறுதியாக இருந்தவர்களே அங்கு போய்ப் பேச்சிலும் அதிகம் முன்னேறினர் என்று கண்டனர். நாட்டுக்குப் போனால் இலக்கணம் தானாக வரும் என்ற நம்பிக்கைக்கு அது பலத்த அடி. 2004இல் பார்பரா ஃபிரீட், நோர்மன் செகலோவிட்ஸ், டான் டூயி ஆகியோர் வெளியிட்ட ஆய்வு இன்னும் வியப்பானது. பிரெஞ்சு கற்கும் மாணவரை அவர்கள் மூன்று வகையாகப் பிரித்து ஒப்பிட்டனர்: சொந்தக் கல்லூரி வகுப்பில் இருந்தோர், பிரான்சுக்குச் சென்று தங்கியோர், அமெரிக்காவிலேயே, மிடில்பரியைப் போல முழுநேரமும் கற்கும் மொழியிலேயே வாழவைக்கும் மூழ்கல் முறைக் கோடைப் பள்ளியில் சேர்ந்தோர். சரளமாகப் பேசும் திறனில் அதிகம் வளர்ந்தவர்கள் பிரான்சுக்குப் போனவர்கள் அல்லர். கோடைப் பள்ளியில் இருந்தவர்கள். காரணம் எளியது. பிரான்சில் தங்கியோர் வகுப்பு முடிந்தபின் தம் நாட்டு நண்பரோடு ஆங்கிலம் பேசினர். கோடைப் பள்ளியினர் வகுப்புக்கு வெளியேயும் பிரெஞ்சிலேயே பேசி எழுதினர். மொழியை வளர்ப்பது நிலமன்று, புழக்கம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

ரஷ்யப் பள்ளியைத் தோற்றுவித்த அரசியல், சோவியத் ஒன்றியம் கலைந்த 1991இல் சரிந்தது. 1990இல் அமெரிக்கக் கல்லூரிகளில் ரஷ்யம் கற்றோர் 44,000க்கும் மேல். ஐந்தே ஆண்டில் அது ஏறக்குறைய 25,000 ஆகக் குறைந்தது. எதிரி மறைந்ததும் மொழியின் மீதிருந்த நாட்டமும் மறைந்தது என்பது மொழிக் கல்வியை நேசிப்போருக்கு வருத்தம் தரும் உண்மை. இருந்தும் மிடில்பரியின் பள்ளி நிலைத்தது. இத்தாலியம், சீனம், ஜப்பானியம், அரபு, போர்த்துக்கேயம், எபிரேயம், கொரியம் என்று மிடில்பரியின் பிற மொழிப் பள்ளிகளும் 1991க்கு முன்னும் பின்னுமாக ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 2020இல் வெர்மொன்ட் நிலத்தின் ஆதிக்குடி மொழியான அபெனாகிக்கும் இடம் கிடைத்தது. 2022இல் ரஷ்யா உக்ரைன் மீது படையெடுத்தபின், மொஸ்கோவுக்குச் செல்ல முடியாத அமெரிக்க மாணவர் கசகஸ்தானுக்கும் கிர்கிஸ்தானுக்கும் ஜோர்ஜியாவுக்கும் சென்று ரஷ்யம் பயின்றனர். 1915இல் ஐரோப்பா அடைபட்டபோது ஸ்ட்ரோபே எதிர்கொண்ட அதே நிலை நூறாண்டு கழித்து ரஷ்யத்துக்கும் வந்தது. நாட்டுக்குள் போக முடியாத காலத்தில்தான் நாட்டுக்கு வெளியே கட்டிய பள்ளியின் மதிப்பு கூடுகிறது.

எதிர்த் திசையிலும், ரஷ்யர் இலங்கை வந்து இங்குள்ள மொழிகளைக் கற்ற வரலாறு ஒன்று உண்டு. அதில் இலங்கைக்கும், சிறிதளவு பெல்மதுளைக்கும், இடமுண்டு. 1865இல் பௌத்தத் துறவிகள் பெல்மதுளையில் கூடி, பாளி மொழியிலுள்ள திரிபிடகச் சுவடிகளை ஒப்புநோக்கிப் பிழைதிருத்தும் பேரவையை நடத்தினர். அதில் முன்னின்ற ஹிக்கடுவே சுமங்கல தேரர் 1873இல் கொழும்பில் வித்தியோதய பிரிவெனாவை நிறுவினார். பிரிவெனா என்பது துறவியர் பயிலும் கல்விக்கூடம். இந்தப் பாளிப் புலமையின் செழிப்பு ஐரோப்பிய அறிஞரை இலங்கைக்கு இழுத்தது. 1872இல் ரஷ்யத்தில் பாளி இலக்கணம் எழுதிய இவான் மினாயெவ் 1874இல் இலங்கை வந்து, தம் பயண நூலை 1878இல் வெளியிட்டார். அவருக்குப் பின், 1914இல், அலெக்சாண்டர் மெர்வார்ட்டும் அவருடைய துணைவியார் லுத்மிலாவும் சென் பீட்டர்ஸ்பேர்க் மானிடவியல் அருங்காட்சியகத்துக்காக வந்து, இலங்கையிலும் இந்தியாவிலும் 1918 வரை தங்கி, தமிழையும் சிங்களத்தையும் மக்களிடையே இருந்தே கற்றனர். நாடு திரும்பிய மெர்வார்ட் லெனின்கிராட்டில் தமிழ் கற்பித்து, பேச்சுத் தமிழின் இலக்கணம் ஒன்றை 1929இல் வெளியிட்டார். மறு ஆண்டு சோவியத் அரசு அவரைக் கைதுசெய்தது. 1932இல் சிறைமுகாமில் இறந்தார். தமிழுக்காக இவ்வளவு தூரம் வந்த ஒருவருக்கு நேர்ந்த முடிவு அது. தமிழ் வாசகர் அவர் பெயரை இன்னும் அதிகமாக நினைவில் வைத்திருக்கவேண்டும். அலெக்சாண்டர் பியாத்திகோர்ஸ்கியும் செம்யோன் ரூதினும் சேர்ந்து 1960இல் வெளியிட்ட தமிழ்–ரஷ்ய அகராதியும், மொஸ்கோவில் பல்லாண்டு தமிழ் கற்பித்து 2020இல் மறைந்த அலெக்சாண்டர் துபியான்ஸ்கியின் பணியும் அந்த வழியில் வந்தவையே.

இனி சப்ரகமுவவின் சூழலுக்கு வரலாம். நுவரெலியா மாவட்டத்தில் தோட்டங்கள் ஒன்றை ஒன்று தொட்டுப் பெருநிலமாக விரிந்திருக்க, சப்ரகமுவவின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் இறப்பர்த் தோட்டங்களும் தாழ்நிலத் தேயிலைத் தோட்டங்களும் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கின்றன. அதனால் இங்குள்ள தோட்டத் தமிழர், பஸ்ஸிலும் கடையிலும் ஆஸ்பத்திரியிலும் பொலிஸ் நிலையத்திலும் நாள்தோறும் சிங்களத்தைச் சந்திக்கின்றனர். தமிழ்மொழிமூலப் பாடசாலை எட்டாத தொலைவில் இருக்கும் குடும்பங்கள் பிள்ளைகளைச் சிங்களமொழிமூலப் பாடசாலைக்கு அனுப்புவதும் உண்டு. இது மூழ்கல் அல்லவா என்று கேட்கலாம். அல்ல. மிடில்பரியின் மாணவர் எட்டு வாரத்துக்குத் தம் மொழியைக் கழற்றி வைக்கிறார், பிறகு எடுத்து அணிகிறார்; கூடவே இருந்து திருத்தும் ஆசிரியர் இருக்கிறார்; தவறாகப் பேசினால் இழப்பது ஒன்றுமில்லை. தோட்டத்தவருக்கு ஆசிரியரும் இல்லை, கால எல்லையும் இல்லை. தவறாகப் பேசினால் இழப்பது மருந்தாகவோ முறைப்பாடாகவோ காணி உறுதியாகவோ இருக்கலாம். அதனால் கடைத்தெருவுக்குப் போதுமான சிங்களம் வாய்த்துவிடுகிறது. விண்ணப்பம் எழுதவும் கூட்டத்தில் எழுந்து வாதாடவும் போதுமான சிங்களம் வாய்ப்பதில்லை. வேலி கடந்து மறுபுறம் பார்த்தால், மூன்று தலைமுறையாகத் தோட்டத்து எல்லையில் வாழும் சிங்களக் கிராமத்தவரில் தமிழ் பேசுவோர் அரிதாகவே இருக்கின்றனர். அவர்களுக்குத் தமிழ் தேவைப்படவுமில்லை, அதைக் கற்பிக்க எவரும் முன்வரவுமில்லை. ஃபிரீடும் அவர் தோழர்களும் பிரான்சில் கண்டது இங்கே ஊரளவில் நிகழ்ந்திருக்கிறது.

சட்டம் இதை அறியாமலில்லை. 1956இல் சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்கிய நாடு, 1987இல் அரசியலமைப்பின் பதின்மூன்றாம் திருத்தத்தால் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 2007 ஜூலை முதல் அரச சேவையில் சேர்வோர் குறிப்பிட்ட காலத்துக்குள் இரண்டாவது அரசகரும மொழியில் தேர்ச்சி பெறவேண்டும் என்று விதிக்கப்பட்டது. அதே ஆண்டின் 26ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய மொழிக் கல்வி மற்றும் பயிற்சி நிறுவகம் தோன்றி, இரத்தினபுரிக்கு அயல் மாவட்டமான களுத்துறையின் அகலவத்தையில் பயிற்சி நடத்திவருகிறது. பாடசாலைகளிலும் இரண்டாம் தேசிய மொழி ஒரு பாடமாக உள்ளது. குறை கொள்கையில் இல்லை. வாரத்தில் சில மணி நேரம் கற்று, பரீட்சை எழுதி, மறுநாள் பிரதேச செயலகத்தின் மேசையில் பழைய மொழிக்கே திரும்பிவிடும் ஏற்பாட்டில் இருக்கிறது.

ரஷ்யமே பெல்மதுளைக்குத் தேவைப்படாது என்றும் சொல்லிவிட முடியாது. இலங்கைத் தேயிலையை அதிகம் வாங்கும் நாடுகளில் ரஷ்யா ஒன்று. 2017 டிசெம்பரில் ஒரு தேயிலைப் பொதியில் வண்டு காணப்பட்டதைக் காட்டி ரஷ்யா சில நாள் இறக்குமதியை நிறுத்தியபோது, அதன் அதிர்ச்சி தாழ்நிலத் தேயிலைக் கொழுந்தின் விலைவரை உணரப்பட்டது. 2023இல் இலங்கைக்கு வந்த சுற்றுலாப் பயணிகளில் இந்தியருக்கு அடுத்த பெருந்தொகையினர் ரஷ்யர். கொழும்பிலிருந்து வரும் நெடுஞ்சாலையிலிருந்து, எம்பிலிப்பிட்டிய வழியாகத் தெற்கே இறங்கும் சாலை பிரியும் சந்தி பெல்மதுளை என்பதால், உடவளவைக்கு யானை பார்க்கப் போகும் பயணிகள் பலர் இவ்வூரைக் கடந்துதான் போகின்றனர்.

தமிழ், சிங்களக் கல்வியின் குறைக்குத் திரும்பினால், அதைத் தீர்க்கும் வழியையும் மிடில்பரியிலேயே காணலாம். லிலியன் ஸ்ட்ரோபே 1915இல் தொடங்கியபோது அவரிடம் இருந்தவை விடுமுறையில் காலியாகக் கிடந்த விடுதி, ஒரு சமையலறை, மாணவரோடு தங்க இசைந்த சில ஆசிரியர்கள் ஆகியவை மட்டுமே. இலங்கைப் பாடசாலைகளுக்கு ஏப்ரல், ஓகஸ்ட், டிசெம்பர் மாதங்களில் விடுமுறை உண்டு. சப்ரகமுவவில் விடுதியுள்ள கல்லூரிகளும் உண்டு. ஓகஸ்ட் விடுமுறையில் அத்தகைய விடுதி ஒன்றில், கிராம உத்தியோகத்தர்களும் தாதியரும் பொலிசாரும் தமிழில் மட்டுமே பேசுவதென்றும், அடுத்த அறைகளில் தோட்டத்து இளைஞர் சிங்களத்தில் மட்டுமே பேசுவதென்றும் கையெழுத்திட்டுச் சில வாரம் தங்கும் ஏற்பாட்டுக்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. உணவு மேசையில் உப்பைக் கேட்க அவர்களும் முதல் வாரம் தடுமாறுவார்கள்.